மிளகாய் காய்ந்துவிட்டது, வரவும்

மதுரை
14-9-1958

அன்புள்ள மதினிக்கு,

கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் உன் மருமகள் செவ்வந்திக்கு ஏன் பிள்ளை உண்டாகவில்லை?

இந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது இதுதான் என்பதால் நானே எழுதிக்கொள்கிறேன். பதில் எனக்குத் தெரியாது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படி எழுதுவது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவளைப் பார்க்காமல், ஒன்றையும் விசாரிக்காமல், தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது? "அவ வயிறு தரிசு" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டாய்.

உன் மகன் கூத்தையாவின் கல்யாணப் பந்தலில் நாம் கடைசியாகப் பேசியது. "பதினாறு வயசுப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டீர்களா" என்று நான் சபையில் கேட்டது தப்பு என்றாய் நீ. யாரும் கேட்காமல் விட்டதுதான் தப்பு என்றேன் நான். அதோடு சரி. இப்போது உன் கையெழுத்தைப் பார்த்ததும் அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ என்று பயந்துகொண்டுதான் உறையைப் பிரித்தேன். பிரித்தால், உன் மகனுக்கு இரண்டாவது பெண் பார்த்தாகிவிட்டது. கடலாடிக்காரர்கள் தை மாதம் நம் வீட்டில் கை நனைக்க வருகிறார்கள். நம் வீட்டு வழக்கப்படி மாப்பிள்ளையின் அத்தைதான் முதல் இலை போட வேண்டும், அதனால் நான் வர வேண்டும்.

வரமாட்டேன். முதல் இலை மட்டுமில்லை, எந்த இலையும் போடமாட்டேன்.

இன்னொன்றும் தெரிந்துகொள். மனைவி உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டுவது இந்த ராஜ்யத்தில் ஒன்பது வருஷமாகக் குற்றம். ஜெயில் உண்டு. கூத்தையாவின் ரயில்வே வேலையும் போகும். போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டியவள் நான்தான் என்றால் எழுதிக் கொடுப்பேன்.

செவ்வந்தி என்ன சொல்கிறாள் என்று உன் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூட இல்லை. அவளிடம் சொன்னாயா?

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

இராமலட்சுமி


சிக்கல்
22-9-58

லெச்சுமிக்கு முருகம்மா எழுதுறது.

ஒன் கடுதாசியை உங்க அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ஜெயிலுன்னு வந்த எடத்துல எந்திரிச்சுப் போயி வெத்திலையைத் துப்பிட்டு வந்து, மறுபடி வாசின்னாக. மறுபடியும் வாசிச்சேன். மறுபடியும் துப்பப் போயிட்டாக. வேற ஒண்ணும் சொல்லல. அவுக எப்ப என்னத்தச் சொன்னாக.

போலீசுக்கு எழுதணும்னா எழுதிப் போடு. எத்தனை பேரு வருவாகன்னு மட்டும் முன்னக்கூட்டிச் சொல்லு. அவுகளுக்கும் எலை சேத்து வாங்கி வைக்கிறேன்.

அவகிட்டச் சொன்னியான்னு கேக்குற. சொன்னேன். அடுப்புல இருந்து திரும்பிப் பாக்காமயே, "எத்தனை பேருக்கு ஒலை வைக்கணும் அத்தை"ன்னு கேட்டா. அம்புட்டுத்தேன். அழுகுறவளா இருந்தா தேத்தலாம். இவ அழுக மாட்டேங்குறா.

என்னையக் கல்லுன்னு நெனைக்காத. அஞ்சு வருசமா நான் செய்யாததா? ராமேஸ்வரத்துல இருபத்திரெண்டு தீர்த்தமும் ஆட வச்சேன், ரெண்டு தடவை. பெரியபட்டினம் தர்காவுல ஓதுன தண்ணி வாங்கிக் குடுத்தேன். நல்ல நாளு ஒண்ணைக்கூடத் தவற விடல. இனி என்னைய என்ன செய்யச் சொல்ற?

நீயும் நானும் ஒரே பெஞ்சுலதேன் படிச்சோம். அஞ்சாவது படிக்கையில நான் பெரிய மனுசி ஆனேன். உங்க அய்யாதேன் அங்கன வாத்தியாரு, அவுகளே என் செலேட்டை வாங்கி வச்சுட்டு வீட்டுக்கு அனுப்பிச்சாக. நீ ஒரு வருசம் கழிச்சுத்தேன் ஆன. அதுக்குள்ள ஒன்னைய மதுரை ஆஸ்டல்ல விட்டுட்டாக. ஒரு வருசம் முந்துனதுக்கு நான் உங்க வீட்டு மருமக. ஒரு வருசம் பிந்துனதுக்கு நீ எம்.ஏ.

ஆறு வருசம் எனக்குப் பிள்ளை இல்ல. உங்க ஆத்தா உங்க அண்ணனுக்கு வேற பொண்ணு பாத்தாக. அன்னைக்கு எனக்காக எவ சட்டம் பேசுனா? நீ மெட்ராசுல தவக்களை அறுத்துக்கிட்டு இருந்த. ஒனக்கு எழுதிக் கேட்டாக உங்க ஆத்தா. நீ ஒரு கார்டு போட்ட. "உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள், எனக்குப் பரீட்சை இருக்கிறது." அந்தக் கார்டு எங்கிட்டத்தேன் இருக்கு. இருபத்தாறு வருசமா என் பொட்டியில அடியில கெடக்கு.

அன்னைக்கு எனக்காக ஏன் ஒரு வரி எழுதல? அதுக்கு மொத பதில் சொல்லு. பெறகு செவ்வந்திக்காகப் பேச வா.

முருகம்மாள்


மதுரை
5-10-1958

மதினி,

அந்தக் கார்டை நீ பார்த்திருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. உன் கடிதத்துக்கு இரண்டு வாரம் பதில் எழுதாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

பரீட்சை இருந்தது உண்மை. ஆனால் காரணம் அதுவல்ல. அம்மாவை எதிர்த்து ஒரு வரி எழுதினால் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். உன்னை விட்டுக்கொடுத்து என் இடத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டால் நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆகவே கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தவள் என்பதற்காக இன்றைக்கும் மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நீ சொன்னால் அதை ஏற்க மாட்டேன்.

இனி எழுதப்போவதைத் தனியாக இருக்கும்போது வாசி.

பெண்ணின் அடிவயிற்றில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. மாதம் ஒரு முட்டை அதில் முதிர்ந்து வெளியே வரும். ஊசிமுனை அளவுகூட இருக்காது. வெளியே வந்தபின் அதற்கு ஒரு நாள்தான் உயிர். ஆணின் வித்துக்கு இரண்டு மூன்று நாள். அந்தச் சில நாட்களுக்குள் இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளை. பிள்ளை தங்குவதற்காகக் கருப்பை உள்ளே ஒரு மெத்தை கட்டி வைத்திருக்கும். யாரும் வரவில்லை என்றால் அது கரைந்து வெளியேறும். அதைத்தான் நாம் விலக்கு என்கிறோம். வராத விருந்தாளிக்குப் போட்ட இலையை எடுப்பதைப் போன்றது. அதில் அழுக்கும் இல்லை, தீட்டும் இல்லை.

அந்த முட்டை என்றைக்கு வரும்? அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய பதினாலு நாள் முன்பு. முந்தைய விலக்கிலிருந்து எண்ணினால் ஆளுக்கு ஆள் மாறும். அடுத்ததிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அவ்வளவாக மாறாது. வராத நாளிலிருந்து எப்படி எண்ணுவது என்று கேட்பாய். சரியான கேள்வி. பழைய தேதிகளை வரிசையாக வைத்து ஊகிக்கலாம். ஊகம்தான், உத்தரவாதம் இல்லை.

நான் படித்த காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. தவளையின் முட்டையைப் பற்றி ஒரு மாதம் நடத்தினார்கள். எங்களுடையதைப் பற்றிய பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனார்கள். தலைக்குக் குளித்தவுடன்தான் கரு பிடிக்கும் என்று நம் ஊர் மட்டும் நம்பவில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு மேல்நாட்டுப் பெரிய டாக்டர்களும் மிருகங்களைப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொன்னார்கள். அது தவறு.

எனவே எனக்கு செவ்வந்தியின் தேதிகள் வேண்டும். கூத்தையா எந்தெந்த நாளில் ஊருக்கு வருகிறான் என்பதும் வேண்டும். இதைக் கேட்டு எழுத எனக்கும் கூச்சம்தான். எனக்கு இந்தச் சித்திரையோடு நின்றுவிட்டது. இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னை மட்டும் கூச்சப்பட வைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இராமலட்சுமி


சிக்கல்
16-10-58

லெச்சுமிக்கு,

ஒன் கடுதாசியை இந்தத் தடவை உங்க அண்ணனுக்கு வாசிக்கல. முட்டை வித்துன்னு எழுதியிருக்க, எந்தங்கச்சி கோழிப் பண்ணை வைக்கப் போறாளான்னு அவுக எங்கிட்டக் கேட்டுருவாகன்னுதேன்.

எனக்கு நின்னு மூணு வருசம் ஆச்சு. திடீர்னு மேலெல்லாம் திகுதிகுன்னு எரியும், வேத்து ஊத்தும். பயப்படாத. மோரைக் கரைச்சுக் குடி. டாக்டரு என்னத்தச் சொல்லப் போறாக.

தேதியா? எவ எழுதி வைப்பா? எனக்கு எழுதி வைக்க வேண்டிய வேலையே இல்லை. அவ மாட்டுக் கொட்டகைச் சாய்ப்புல போயி உக்காந்த அன்னைக்கே பாம்பனுக்கு ஒரு கார்டு போட்டுருவேன். மூணாம் நாளு கூத்தையாவுக்குக் கெடைக்கும். அவ தலைக்கு ஊத்துற அஞ்சாம் நாளு வந்து சேருவான். ரெண்டு நாளு இருப்பான், ஏழாம் நாளு கெளம்பிருவான். பாலத்து வேலை, அதுக்கு மேல லீவு குடுக்க மாட்டாக. அஞ்சு வருசத்துல ஒரு மாசம் தவறுனதில்ல. என்னையக் குத்தம் சொல்ல எடமே இல்ல.

கார்டுல வெவரமா எழுத முடியுமா? போஸ்ட்மேன் படிப்பான், கேங்குல பத்துப் பேரு படிப்பான். அதனால "மிளகாய் காய்ந்துவிட்டது, வரவும்"னு மட்டும் எழுதுவேன். ஐப்பசி அடைமழையிலயும் எங்க வீட்டு மொளகா காயும். அவன் மேஸ்திரி கேட்டாராம், "ஏலே கூத்தையா, உங்க ஊருல மழையே பெய்யாதாலே?"ன்னு.

இது நானாக் கண்டுபிடிச்ச முறை இல்ல. உங்க ஆத்தா எனக்குச் செஞ்சதுதேன். உங்க அண்ணன் தனுஷ்கோடியில கப்பலுக்கு ஏத்துற மூட்டையை எண்ணுற வேலை பாத்தாகல்ல, அப்ப ஆளு மூலமாச் சொல்லிவிடுவாக.

ஒன் கடுதாசியை அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். சமைக்கிறவ அவங்குறது மறந்து போச்சு. உருவி எடுத்து வாசிச்சுட்டா. எட்டாவது படிச்சவ, வேகமா வாசிப்பா. வாசிச்சுட்டு எங்கிட்டயே வந்து, "மதுரையில கேக்குற தேதியெல்லாம் பாம்பன்ல இருக்கு அத்தை. நீங்க போட்ட கார்டு ஒண்ணு விடாமக் கம்பியில குத்தித் தொங்க விட்டுருக்காரு, மேல முத்திரை இருக்கும்ல"ன்னா.

எனக்கு ஒண்ணும் பயமில்ல. பாத்துக்க. என் கணக்குல தப்பு இருக்காது. தை பன்னெண்டு ஞாயித்துக்கெழமை நாள் குறிச்சாச்சு.

முருகம்மாள்


மதுரை
9-11-1958

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை கூத்தையா இங்கே வந்தான். வளைந்த கம்பியோடு எல்லாக் கார்டுகளையும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி, மீன் கொண்டுவருகிறவனைப் போலக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். சாப்பிடச் சொன்னதற்குச் சாப்பிட்டான். இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்து, "அத்தை, கொறை எங்கிட்ட இருந்தா?" என்று கேட்டான். இருக்கலாம், அதற்கும் ஆஸ்பத்திரியில் சோதனை உண்டு என்றேன். "அப்ப அவளை மட்டும் எதுக்குப் பாக்கணும், என்னையும் பாக்கச் சொல்லுங்க" என்றான். நீ வளர்த்த பிள்ளைதான். இதைக் கேட்டு நீ கோபப்படுவாய் என்றாலும் எழுதிவிடுகிறேன்.

மொத்தம் ஐம்பத்தெட்டு கார்டு. எல்லாவற்றிலும் உன் கையெழுத்தில் அதே மூன்று சொல். ஆறு கார்டில் தபால் முத்திரை மங்கிவிட்டது. மீதி ஐம்பத்திரண்டையும் மேஜையில் பரப்பி, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை நாள் என்று எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். மிகக் குறைவு இருபத்தொன்பது, மிக அதிகம் முப்பத்தைந்து. பெரும்பாலும் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்துமூன்று. செவ்வந்தியின் உடம்பில் ஒழுங்குக்குக் குறைவில்லை.

இப்போது பின்னோக்கி எண்ணு. அவளுக்கு முட்டை வரக்கூடியது பதினேழு, பதினெட்டு, பத்தொன்பதாம் நாளில். தாராளமாக எடுத்துக்கொண்டாலும் பதினைந்துக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே. உன் மகன் வீட்டில் இருந்தது ஐந்து, ஆறு, ஏழாம் நாட்களில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்கூட அவன் வரவில்லையாம். லீவையெல்லாம் மிளகாய் தின்றுவிட்டது.

ஐந்து வருஷத்தில், எனக்குத் தெரிந்த வரை, ஒரு மாதம்கூட அவர்கள் இருவரும் அந்த நாட்களில் ஒரே கூரையின் கீழ் இருக்கவில்லை. இருக்கவிடாமல் செய்தது இந்தக் கார்டு. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். அம்மாவும் அப்படித்தான்.

இதனால் நாளைக்கே பிள்ளை பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் சோதித்தே பார்க்காத ஒன்றுக்காக ஒருத்தியை வீட்டைவிட்டுத் தள்ள முடியாது. கார்டை நிறுத்து. செவ்வந்தியைப் பாம்பனுக்கு அனுப்பு. நாலைந்து மாதமாவது இருவரும் ஒன்றாக இருக்கட்டும்.

உன்னிடம் ஒரு கேள்வி. இதற்குப் பதில் உனக்கு மட்டும்தான் தெரியும். கூத்தையா பிறந்தது முப்பத்துமூன்றாம் வருஷம் புரட்டாசியில். பின்னோக்கிப் போனால் மார்கழி வருகிறது. அந்த மார்கழியில் அண்ணன் எங்கே இருந்தார்?

இராமலட்சுமி


சிக்கல்
25-11-58

லெச்சுமி,

என் கையெழுத்தையே எடுத்து எனக்கு எதுத்தாப்புல சாச்சி வச்சுட்ட. கெட்டிக்காரிதேன்.

கேட்டுட்ட, சொல்றேன். கார்த்திகையில துறைமுகத்துல பலகை சறுக்கி உங்க அண்ணனுக்குக் காலு ஒடிஞ்சுச்சு. வண்டியில போட்டுக் கொண்டாந்தாக. தை வரைக்கும் வீட்டுலதேன் கெடந்தாக, மூங்கிப் பத்தை வச்சுக் கட்டுன காலோட. இன்னைக்கும் சாஞ்சுதேன் நடக்குறாக. உங்க ஆத்தா என்னைய அந்தப் பக்கமே போகக் கூடாதுன்னாக, காலுக்கு ஆகாதாம். எவ கேட்டா? காலுதான ஒடிஞ்சிருந்துச்சு.

தையில அந்தப் பொண்ணு வீட்டுக்காரக வர இருந்தாக. அதுக்குள்ள நான் முழுகாம இருக்கேன்னு தெரிஞ்சு போச்சு. ராமநாதசாமி கண்ணைத் தெறந்துட்டாருன்னு உங்க ஆத்தா தேங்கா ஒடைச்சாக. நானும் இருபத்தாறு வருசமா அப்பிடித்தேன் நம்பிக்கிட்டு இருந்தேன். இப்ப நீ வந்து, மூங்கிப் பத்தைதேன் பிள்ளை குடுத்துச்சுங்குற. சாமியையும் எங்கிட்ட இருந்து எடுத்துட்ட. என்னையவும் குத்தவாளி ஆக்கிட்ட.

அவ போயிட்டா. போன வாரம் புதன்கெழமை. நான் ஒண்ணும் அனுப்பல. துணியைச் சுருட்டிக் கட்டிக்கிட்டு முன்வாசல்ல வந்து நிக்குறா. எங்கடின்னேன். "பாம்பனுக்குப் போறேன் அத்தை"ன்னா. கார்டு போடலையேன்னேன். "இந்தத் தடவை மொளகாயே நேருல வருதுன்னு எழுதிப் போடுங்க"ன்னுட்டு பஸ் ஏறிட்டா. சிரிக்கவா அடிக்கவான்னு தெரியாம நின்னேன். உங்க அண்ணன் வாயில வெத்திலையோட சிரிச்சுட்டாக. அவுகளுக்கு அன்னைக்குச் சோறு இல்ல.

அங்கன அற்புதம்மான்னு ஒரு மீன்காரம்மா வீட்டுல குடிசை எடுத்துருக்காகளாம். சர்ச்சுக்குப் போற வேதக்காரக வீடு. நாத்தம் தாங்காம ஓடி வருவான்னு பாக்குறேன்.

நான் வாக்குக் குடுத்துட்டேன். கடலாடிக்காரக மொறைக்கு ஆகாதவுக இல்ல. தை பன்னெண்டுக்கு அவுக வருவாக. நீ வராத. எலையை நானே போட்டுக்கிறேன். வழக்கம் போனாப் போகட்டும். வழக்கத்தை மொதல்ல ஒடைச்சது நீதேன்.

முருகம்மாள்


மதுரை
22-12-1958

மதினி,

நடந்ததை மறைக்கக் கூடாது என்பதால் எழுதுகிறேன். செவ்வந்திக்கு நேற்று முன்தினம் விலக்கு ஆகிவிட்டது. ஒரு மாதம் போயிற்று. ஒரு குறையும் இல்லாதவர்களுக்கும் நாலைந்து மாதம் ஆவது சகஜம். இதை நீ நம்ப வேண்டும் என்பதில்லை.

கூத்தையா சோதனை செய்துகொண்டான். அவனிடம் குறை இல்லை என்றார் டாக்டர். செவ்வந்தியிடமும் கண்ணுக்குத் தெரிந்து குறை இல்லை என்றார். உள்ளே இருப்பதெல்லாம் தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதனால் அவரை எனக்குப் பிடித்தது.

இராமலட்சுமி


சிக்கல்
17-1-59

லெச்சுமிக்கு,

கடுதாசி கெடைச்சது. ஒன் முட்டைக் கணக்கு ஒரு மாசம் தோத்துப் போச்சு. இன்னொரு மாசம் இருக்கு. தை பன்னெண்டுக்குள்ள நல்ல சேதி வந்தா வரட்டும், கடலாடிக்காரகளை நானே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைக்கிறேன். வரலைன்னா என் வாக்கு வாக்குத்தேன்.

எலைக்கட்டுக்குச் சொல்லியாச்சு. நாப்பது எலை.

அவன் பொங்கலுக்கு வரல. அவளும் வரல. உங்க அண்ணனும் நானும் பொங்கப் பானையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அவ இருந்தா பானை பொங்கையில மொதக் கொலவை அவதேன் போடுவா. இந்த வருசம் கொலவையே இல்ல. இதை எதுக்கு ஒனக்கு எழுதுறேன்னு எனக்கே தெரியல.

நீ அவ கூட இருக்கணும்னா பாம்பனுக்குப் போ. இங்கன வராத.

முருகம்மாள்


பாம்பன்
24-1-1959

மதினி,

நீ சொன்னபடியே சிக்கலுக்கு வராமல் பாம்பனுக்கு வந்திருக்கிறேன். இது உன் கைக்குக் கிடைக்கும்போது தை பன்னிரண்டு தாண்டியிருக்கும். ஆகவே உன் மனத்தை மாற்ற இதை எழுதவில்லை.

குடிசை சிறியது. நாற்றம் இருக்கிறது, நீ சொன்னது சரி. செவ்வந்திக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை. போன மாத விலக்கின்போது அவள் தனியாகப் போய் உட்காரவில்லையாம். தானே சமைத்தாளாம். கூத்தையா சாப்பிட்டானாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன சொல்வேன் என்று. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

கதவின் உள்பக்கத்தில் அடுப்புக்கரியால் நாள் ஒன்றுக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள். இன்று முப்பத்தாறாவது கோடு. உன் கார்டுகளில் முப்பத்தைந்தைத் தாண்டி ஒன்றும் இல்லை. இதற்கு ஒரு அர்த்தமும் இல்லாமல் இருக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். இடமாற்றம், கவலை, எதனாலும் தள்ளிப்போகும். "எனக்குத் தெரியும். உங்க கடுதாசியை நானும்தான் வாசிச்சேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு அங்கன நாப்பது எலை போடுவாங்கல்ல" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

நாளை விலக்கு வந்தாலும் வராவிட்டாலும் இந்தக் குடிசையை விட்டுப் போகப்போவதில்லை என்கிறாள். இரண்டாம் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டால் போடமாட்டாளாம். போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று அற்புதம்மாளிடம் விசாரித்து வைத்திருக்கிறாள். நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்காது.

நாளை என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் நடந்தது, 25-1-1959:

இதை நீயே எழுதச் சொன்னாய். "எல்லாத்தையும் எழுதி எனக்குப் போடு. அந்தப் பழைய கார்டை எடுத்துட்டுப் பொட்டியில இதை வச்சுக்கிறேன்" என்றாய். நீயே இருந்து பார்த்ததை உனக்கே எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு செவ்வந்திக்கு விலக்கு ஆயிற்று. கதவுக்கு எதிரே நின்று கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஈரத் துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு உலை வைத்தாள். கூத்தையா வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

பகல் வண்டியில் நீ இறங்கினாய். தலையில் வாழை இலைக்கட்டு, கையில் மிளகாய்ப் பை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் கட்டை இறக்கினாய். "கடலாடிக்காரர்கள்?" என்று நான் கேட்டேன். "வருவாக. உங்க அண்ணன் இருக்காகள்ல, காப்பி போட்டுக் குடுத்துச் சொல்லி அனுப்புவாக. அவுக வாயைத் தெறக்கட்டும் ஒரு நாளாவது" என்றாய். இலையை ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்றதற்கு, "எலை இருந்தா உங்க அண்ணன் மனசு மாறி அவுகளுக்குப் பரிமாறிருவாக" என்றாய்.

பிறகு செவ்வந்தியைப் பார்த்து, "என்னடி சேதி?" என்றாய்.

"காலையில ஆயிருச்சு அத்தை" என்றாள் அவள். தலையைக் குனியவில்லை.

நீ வண்டியில் ஏறும்போது இது உனக்குத் தெரியாது. தெரிந்தபின் திரும்பிப் போயிருக்கலாம். சாயங்காலத்துக்குள் ராமநாதபுரம் வண்டியைப் பிடித்திருக்க முடியும். நீ மிளகாய்ப் பையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாய். அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் போய், துடைத்து வைத்திருந்த இடத்தில் ஒரு கோடு இழுத்தாய்.

"இது மொத நாளு. பதினஞ்சுல இருந்து பாத்துக்கங்க" என்றாய். கூத்தையா எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான்.

மத்தியானம் ஐந்து இலை வேண்டியிருந்தது, அற்புதம்மாளையும் சேர்த்து. "அத்தைக்காரி நீ, போடு" என்று கட்டை என் பக்கம் தள்ளினாய். முதல் இலையை நான் போட்டேன், செவ்வந்திக்கு.